திரைக் கேள்வி பதில்: மிஸ் பேட்ஸைப் பார்த்து எம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை

2020-இல் வந்த ‘எம்மா’ படத்தைப் பார்க்கச் சொல்லிப் போன இதழில் எழுதியிருந்தேன். ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து, அதுவரை புகைப்படக் கலைஞராக அறியப்பட்டிருந்த ஆட்டம் டி வைல்ட் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. பார்த்துவிட்டுக் கேள்வி அனுப்பியவர்களுக்கே இந்த முறை இடம்.

எம்மாவுக்குப் பணம் இருக்கிறது, வேலை வெட்டி இல்லை. ஊரார் கல்யாணத்தில் மூக்கை நுழைப்பதே பொழுதுபோக்கு. இவளை எப்படி நாயகியாக ஏற்பது? (வாசகி, கும்பகோணம்)

தன்னைத் தவிர வேறு யாருக்கும் இவளை அவ்வளவாகப் பிடிக்காது என்று ஆஸ்டினே சொன்னதாகக் குடும்பத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் எரிச்சலில் தப்பே இல்லை.

படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். விடியாத நேரம். விளக்கு பிடிக்க ஓர் ஆள், பூ வெட்ட ஓர் ஆள். எந்தப் பூ என்று காட்டுவது மட்டும் எம்மா. மனிதர்களையும் அவள் அப்படித்தான் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வைக்கப் பார்க்கிறாள். ஆனால் அவள் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வயது 21. அம்மா இல்லை. அக்கா கல்யாணமாகி லண்டன் போய்விட்டாள். அப்பாவுக்குக் காற்று பட்டாலே பயம். வளர்த்த ஆசிரியையும் அன்றைக்குக் கல்யாணமாகிப் போகிறாள். 30,000 பவுண்டு சொத்து இருப்பதால் பிழைப்புக்காகக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதில்லை. அந்த வர்க்கத்துப் பெண் வேலைக்கும் போக முடியாது. இத்தனை புத்தியை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள்?

இருந்தாலும் அவள் தோழி ஹாரியட் விஷயத்தில் என்னால் அவளை லேசில் விட முடியவில்லை. ஹாரியட்டுக்கு 17 வயது, பெற்றவர்கள் யாரென்று தெரியாமல் பள்ளி விடுதியில் வளர்ந்தவள். ராபர்ட் மார்ட்டின் என்ற நல்ல விவசாயி அவளைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறான். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு வாழ்க்கை. தோழிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே எம்மா அதை மறுக்க வைக்கிறாள்.

பாக்ஸ் ஹில் பிக்னிக்கில் எம்மா ஒரு ஜோக் அடிக்கிறாள். அதற்குக் குடும்ப நண்பரான நிலச்சுவான்தாரர் நைட்லி அப்படிக் கோபப்பட வேண்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

கட்டாயம் பட வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

நடந்தது என்ன? பிக்னிக்குக்கு வந்த ஃபிராங்க் சர்ச்சில் என்ற இளைஞன் ஒரு விளையாட்டுச் சொல்கிறான். ஒவ்வொருவரும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொல்ல வேண்டும், சுமாராக என்றால் இரண்டு, மட்டமாக என்றால் மூன்று. மிஸ் பேட்ஸ், வாயைத் திறந்தாலே எனக்கு மூன்று மட்டமான விஷயம் வந்துவிடுமே என்று வெள்ளந்தியாகச் சிரிக்கிறாள். எம்மா உடனே, மூன்றோடு நிறுத்த வேண்டுமே, அதுதானே உங்களுக்குக் கஷ்டம் என்கிறாள்.

யார் இந்த மிஸ் பேட்ஸ்? இறந்துபோன பாதிரியாரின் மகள். அப்பா இருந்தவரை ஊரில் மதிப்பு உண்டு. சின்னக் குழந்தை எம்மாவை மிஸ் பேட்ஸ் திரும்பிப் பார்த்தாலே கௌரவம் என்றிருந்த காலம் அது. அப்பா போனதும் எல்லாம் போயிற்று. இப்போது வயதான அம்மாவோடு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். எம்மா வீட்டிலிருந்து பன்றித் தொடை வருகிறது, நைட்லி தோட்டத்திலிருந்து ஆப்பிள் வருகிறது. வாங்கிக்கொள்கிற ஒவ்வொன்றுக்கும் அவள் வாய்விட்டு நன்றி சொல்லியாக வேண்டும். அவள் ஓயாமல் பேசுவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஊரில் தன் இடத்துக்கு அவள் கொடுக்கிற வாடகை அந்தப் பேச்சு. எம்மா கேலி செய்தது அதைத்தான்.

நைட்லியின் வாதமும் இதுவே. அவள் உனக்குச் சமமான பணக்காரியாக இருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவள் ஏழை, இன்னும் கீழே போகப் போகிறவள். நீ சிரித்தால் உன்னைப் பார்த்து மற்றவர்களும் சிரிப்பார்கள். மேல்தட்டு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஊரின் முதல் பெண்மணி யாரை மதிக்கிறாளோ அவருக்கு மதிப்பு. அவள் யாரை இளப்பம் செய்கிறாளோ அவர் எல்லோருக்கும் இளப்பம்.

மறுபடி பார்க்கும்போது அந்தக் காட்சியில் மிஸ் பேட்ஸாக நடித்த மிரண்டா ஹார்ட்டை மட்டும் பாருங்கள். தொலைக்காட்சியில் சிரிக்க வைத்தே பெயர் வாங்கியவர். முதலில் அவருக்குப் புரிவதில்லை. புரிந்ததும் முகம் மெல்ல வாடுகிறது. உடனே, நான்தான் தொந்தரவு கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது, இல்லாவிட்டால் பழைய சிநேகிதியிடம் இப்படிச் சொல்வாளா என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மறுநாள் எம்மா மிஸ் பேட்ஸ் வீட்டுப் படியேறுகிறாளே, அதற்குப் பிறகுதான் எனக்கு எம்மாவைப் பிடித்தது.

உடைகள் மிட்டாய் நிறத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படி உடுத்தினார்களா? (மாணவி, கோவை)

உடுத்தினார்கள். 1809-இலிருந்து லண்டனில் வெளிவந்த ஆக்கர்மன் பத்திரிகையில் கையால் வண்ணம் தீட்டிய உடைப் படங்கள் இருக்கும். பளிச்சென்ற மஞ்சள், பச்சை எல்லாம் உண்டு. வெளிறிய வெள்ளையாகவே பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. உடை வடிவமைத்த அலெக்ஸாண்ட்ரா பைர்ன் இந்தப் படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

காதலைச் சொல்லும் நேரத்தில் எம்மாவுக்கு மூக்கில் ரத்தம் வருவது எதற்கு? வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். (வாசகி, சேலம்)

என்ன நடக்கிறது என்று பாருங்கள். நைட்லியைத் தான் விரும்புவது எம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஹாரியட்டும் அவரையே விரும்புகிறாள், அந்த ஆசைக்கு இடம் கொடுத்ததும் எம்மாதான். சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் ஒரே நொடியில் மோதும்போது, படம் முழுக்க ஒரு முடிகூடக் கலையாமல் இருந்தவளுக்கு உடம்பு பேச்சைக் கேட்க மறுக்கிறது. நைட்லி பதறிப்போகிறார். நாவலில் இது கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது. அந்த ரத்தம் தனக்கு நிஜமாகவே வந்தது என்று எம்மாவாக நடித்த அன்யா டெய்லர்-ஜாய் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் ஹாரியட் விவசாயியையே கட்டிக்கொள்கிறாள், எம்மா நிலச்சுவான்தாரரைக் கட்டிக்கொள்கிறாள். அவரவர் அந்தஸ்தோடு இருங்கள் என்கிறதா படம்? (வாசகர், மதுரை)

நாவல் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிகிறது. எம்மாவின் தலையீடு இல்லாமலே லண்டனில் மார்ட்டினும் ஹாரியட்டும் சேர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் தோழிகளின் நெருக்கம் மெல்லக் குறைகிறது. அந்தக் காலத்து உண்மை அதுதான், ஆஸ்டின் அதை மறைக்கவில்லை.

திரைக்கதை எழுதிய எலினார் கேட்டன் இங்கே துணிந்து மாற்றியிருக்கிறார். படத்தில் எம்மாவே ஒரு வாத்தையும், தான் வரைந்த ஹாரியட்டின் ஓவியத்தையும் எடுத்துக்கொண்டு மார்ட்டின் வீட்டுக்குப் போகிறாள். தன் தந்தை ஒரு வியாபாரி என்று ஹாரியட் சொல்லும்போது, அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வா என்கிறாள். நாவல் வெளிவந்த 1815-இல் ஒரு எம்மா இப்படிச் செய்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் மிஸ் பேட்ஸ் வீட்டுப் படியேறிய எம்மா அடுத்து ஏற வேண்டிய படி மார்ட்டின் வீட்டுடையதுதான் என்பதால், அந்த மாற்றத்தை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். நாவலைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: மொத்தம் 55 அத்தியாயங்கள், பாக்ஸ் ஹில் வருவது 43-ஆவது அத்தியாயத்தில்.