உடல் எடை கூடினால் பல் சொத்தையாகுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஒரு நாளைக்கு ஆறு தடவை டீயோ காபியோ குடிப்பேன், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. போன மாதம் பல்லைக் காட்டப் போனபோது நான்கு கடைவாய்ப் பற்களில் சொத்தை என்றார்கள், எடையையும் குறைக்கச் சொன்னார்கள். என் கொழுந்தனார் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார், ஆனால் அவருக்கு என்னைவிடச் சொத்தை அதிகம். அப்படியென்றால் எடைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? எடை குறைய வேண்டும் என்று காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கத் தொடங்கியிருக்கிறேன். எடை குறைந்தால் பல் சரியாகிவிடுமா?

பதில்: உடலில் சேர்ந்த கொழுப்பு பல்லைக் கெடுப்பதில்லை. உங்கள் எடையைக் கூட்டுகிற அதே பழக்கம் பல்லையும் கெடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் எடை கூடியதால் வரும் சில கோளாறுகள் வேறு வழியாகப் பல்லைத் தொடும். அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் டீயைப் பார்ப்போம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். பன்னிரண்டு ஸ்பூன் என்றால் 48 கிராம், கிட்டத்தட்ட 190 கலோரி. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. பிஸ்கட், ஜூஸ், இனிப்பு எதையும் கணக்கில் சேர்க்காமலே நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள். எடைக்கு இந்த 48 கிராம்தான் கணக்கு. பல்லுக்கோ அந்த ‘ஆறு தடவை’தான் கணக்கு.

இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில், பல்லில் படிந்திருக்கும் பிசுபிசுப்பான படலத்தில் உள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அந்த இடத்தின் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 5.5-க்குக் கீழே இறங்கியதும் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகு, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதி பல்லுக்குத் திரும்பும். மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் என்றால் பல்லுக்கு மீள நேரம் கிடைக்கும். இடையில் ஆறு டீ என்றால் கிடைக்காது. ஒரே டீயை மேசையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உறிஞ்சினால், அந்த முக்கால் மணியும் அமில நேரம்தான். கூடவே பிஸ்கட் அல்லது ரஸ்க் சாப்பிட்டிருந்தால் நாக்கால் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள்: பள்ளங்களில் மாவு அப்பியிருப்பது தெரியும். உங்களுக்குக் கடைவாயிலேயே நான்கு சொத்தை வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

அளவைவிடத் தடவை முக்கியம் என்பது சுவீடனின் லுண்ட் நகரில் விப்பேகோல்ம் மருத்துவமனையில் 1945-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில் தெளிவானது. சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபி கொடுத்தபோது மளமளவென்று கூடியது. சம்மதம் சொல்ல இயலாத, அறிவு வளர்ச்சி குன்றியவர்களை வைத்து நடத்திய ஆய்வு அது. இன்றைக்கு யாரும் அதை அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.

உங்கள் கொழுந்தனார் விஷயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மொத்தத்தில் குறைவாகச் சாப்பிட்டு, அதையும் கொறித்துக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும் இருப்பவர் ஒல்லியாகவும் இருப்பார், பல்லும் சொத்தையாகும். கடைவாய்ப் பற்கள் கெட்டு மெல்ல முடியாமல் சாப்பாடு குறைந்து இளைத்துப்போகிறவர்களும் உண்டு. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே விடை தருவதில்லை. சிலவற்றில் எடை கூடியவர்களுக்குச் சொத்தை அதிகம், சிலவற்றில் ஒல்லியானவர்களுக்கு அதிகம், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஒரு காரணம் எளியது. சொத்தையான பல், அடைத்த பல், பிடுங்கிய பல் மூன்றையும் கூட்டித்தான் கணக்கெடுக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன் அடைத்த பல்லும் அதில் சேரும். எடை மட்டும் இன்றைய எடை.

இப்போது எடை வேறு வழியாகப் பல்லைத் தொடும் இடங்கள். உங்கள் உடல் நிறை எண் (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ.) 32-க்கு மேல். இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே பருமன் என்று கொள்கிறோம். இந்த எடையில் சர்க்கரை நோய், நெஞ்செரிச்சல், குறட்டை மூன்றையும் பார்க்காமல் விடக்கூடாது. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கு மீறினால் எச்சில் வற்றும், ஈறு வீங்கிக் கீழிறங்கும். ஈறு இறங்கினால் வேர்ப்பகுதி வெளியே தெரியும். அங்கே எனாமல் கிடையாது, பி.எச். 6-க்கு மேல் இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஈறு ஓரத்தில் சொத்தை வருவது இப்படித்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

குறட்டை விடுபவர்கள் பலர் வாயைத் திறந்தே தூங்குகிறார்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ஏற்கெனவே குறைவு, வாய் காய்ந்தால் பல்லுக்குக் காவலே இல்லை. ரத்த அழுத்தம், மன அழுத்தம், அலர்ஜி ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தால் கண்ணாடி முன் நின்று மேல் முன்பற்களின் உள்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் வழவழவென்று தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தால், அல்லது பழைய அடைப்பு பல்லைவிட மேடாகத் துருத்தி நின்றால், வயிற்று அமிலம் பல்லைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். இது கிருமியால் வரும் சொத்தை அல்ல, அமிலம் நேராகக் கரைக்கும் அரிப்பு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். அமிலம் மேலே வந்தவுடன் பல் துலக்காதீர்கள், அமிலத்தால் மென்மையாகிவிட்ட எனாமல் தேய்ந்து போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். துலக்குவதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் போகட்டும்.

அந்த எலுமிச்சை-தேன் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். எலுமிச்சை அமிலம், தேன் சர்க்கரை. இரண்டையும் சேர்த்துப் பல்லில் ஊற்றுகிறீர்கள், அதனால் எடையும் குறையாது. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எதற்கு மாறினாலும் கிருமிக்கு எல்லாம் ஒன்றுதான். ‘கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை’ என்ற டயட்டும் பல்லுக்கு ஆகாது. எடை குறைக்கும் ஊசி போட்டு வாந்தி வந்தால், அதைப் பல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது: ஆறு டீயை மூன்றாக்கி, அந்த மூன்றையும் சாப்பாட்டை ஒட்டிப் பத்து நிமிடத்தில் குடித்து முடியுங்கள். ஒவ்வொரு டீயிலும் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். இடையில் தண்ணீர், இனிப்பில்லாத மோர், கொஞ்சம் வேர்க்கடலை போதும். பேஸ்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், ஃபுளோரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவில் இருக்க வேண்டும். ‘மூலிகை’ என்று விற்கும் பலவற்றில் அது இருப்பதில்லை. இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காமல் படுங்கள். ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். பல் இடுக்குகளுக்கு நூல் அல்லது இடுக்கு பிரஷ் தேவை, பிரஷ்ஷின் நார் அங்கே போகாது.

எடை குறைந்தால் பல் சரியாகுமா என்று கேட்டீர்கள். ஓட்டை விழுந்த பல் தானாக மூடாது. வெள்ளைத் தழும்பாக இருக்கும் ஆரம்பச் சொத்தை மட்டுமே ஃபுளோரைடால் நிற்கும், சில சமயம் மீளும். அதனால் எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் நான்கையும் அடைத்துவிடுங்கள். பிறகு ஒரு வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

சூடு பட்டு வலி எடுத்தால் நிமிடக்கணக்கில் நிற்காமல் இருப்பது, தூக்கத்தில் இருந்து எழுப்பும் வலி, இவை சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டதற்கு அடையாளம். அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்படலாம், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.