ஜாஸ் டிரம்மர் ஆலன் டாசன் யார்? அவருடைய பயிற்சி முறையில் அப்படி என்ன இருக்கிறது?

1929-இல் பென்சில்வேனியாவில் பிறந்து, பாஸ்டனில் வளர்ந்தவர். ஜாஸ் இசைக்குழுத் தலைவர் லயோனல் ஹாம்ப்டனோடு 1953-இல் ஐரோப்பா சுற்றினார். 1957 முதல் 1975 வரை பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் ஆசிரியர். இடையில் 1968-இலிருந்து சில ஆண்டுகள் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழுவிலும் வாசித்தார். 1996-இல் காலமானார். பின்னாளில் புகழ்பெற்ற ஜாஸ் டிரம்மரான டோனி வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோதே இவரிடம் கற்றவர். அந்த ஒரு பெயரே போதும்.

ஆனால் அவரை அறிய வேண்டிய இடம் அவருடைய பாடமுறைதான். டெட் ரீடின் 'சின்கோபேஷன்' வெறும் ஸ்னேர் (டிரம் செட்டில் முன்னால் இருக்கும் சிறிய டிரம்) பாடப் புத்தகம். டாசன் அதை வேறு மாதிரி பயன்படுத்தினார். வலது கை ரைடு சிம்பலில் (தாளத்தைத் தொடர்ந்து தாங்கும் பெரிய உலோகத் தட்டு) ஸ்விங் எனும் ஜாஸின் துள்ளல் தாளம், இடது கால் 2, 4-ஆம் அடிகளில் ஹை-ஹேட் (மிதித்து மூடும் இரட்டைத் தட்டு). புத்தகத்தின் வரியை இடது கை மட்டும் ஸ்னேரில் வாசிக்கும். பிறகு அதே வரி வலது காலால் வாசிக்கும் பெரிய பாஸ் டிரம்முக்குப் போகும். ஒரே பக்கத்திலிருந்து பல பாடங்கள்!

இதில் பெரும்பாலானோர் சறுக்குவது ரைடில். இடது கை பரபரப்பானதும் வலது கை தன் வடிவத்தை விட்டு அதன் பின்னால் ஓடிவிடும். வேகத்தைக் குறையுங்கள்; ரைடு தனியாகக் கேட்டாலும் ஸ்விங் ஆக வேண்டும்.

இன்னொன்று, 32 பார் (தாளச் சுற்று) கொண்ட, நான்கு பகுதிகளாக அமைந்த பாட்டின் மெட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசிக்கச் சொல்வார். எனக்கு இதுதான் அவருடைய மிகப் பெரிய கொடை என்று தோன்றுகிறது. எண்ணிக்கொண்டு வாசிப்பவர் சோலோவில் பாட்டின் இரண்டாம் பகுதியில் இருக்கிறோமா, மூன்றாம் பகுதியிலா என்று குழம்புவார். பாடுபவருக்கு அந்தக் குழப்பம் வராது.