ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். விதிகளும் காரின் தொழில்நுட்பமும் புரிய எங்கிருந்து தொடங்க வேண்டும்?

டயரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலோர் எஞ்சினை விளக்கித்தான் ஆரம்பிப்பார்கள். குதிரைத்திறன், ஹைபிரிட், பேட்டரி என்று அடுக்கினால் புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றிவிடும். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அது தரைக்குப் போய்ச் சேர்வது டயர் வழியாகத்தான். பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் நான்கு ரப்பர் பரப்புகளின் பிடிமானத்தை நம்பியே நடக்கின்றன. காரின் இறக்கைகள், அடித்தளம், பந்தய விதிகளில் பல, எல்லாம் இந்தப் பிடிமானத்தைக் கூட்டவோ குறைக்கவோ வந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கும்.

சக்கரங்கள் ஏன் மூடப்படாமல் வெளியே நிற்கின்றன? விதி அப்படி. மூடினால் நேர்சாலையில் இன்னும் வேகம் கிடைக்கும். ஆனால் ஃபார்முலா ஒன், அமெரிக்காவின் இண்டிகார், இளம் ஓட்டுநர்களுக்கான ஃபார்முலா 2, 3, 4 எல்லாமே திறந்த சக்கரம், ஒற்றை இருக்கை என்ற மரபைக் காப்பாற்றி வருகின்றன. இதில் ஆபத்தும் உண்டு. ஒரு காரின் முன் சக்கரம் இன்னொன்றின் பின் சக்கரத்தில் ஏறினால், சுழலும் டயர் அந்தக் காரை மேலே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் பக்கவாட்டில் வருபவருக்கு இடம் விடாமல் நெருக்கும் ஓட்டுநர்மேல் நடுவர்கள் நேரத் தண்டனை விதிக்கிறார்கள். ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைந்திருக்கும் டைட்டானியச் சட்டம், ஹேலோ, 2018-இல் கட்டாயமானது. அழகைக் கெடுக்கிறது என்று அப்போது பலர் எதிர்த்தார்கள். 2020 பஹ்ரைன் பந்தயத்தில் ரொமான் குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைத் துளைத்து, இரண்டாக உடைந்து தீப்பற்றியது. தடுப்பின் தகடுகள் அவர் தலையில் மோதாமல் காத்தது அந்தச் சட்டம்தான். கைகளில் தீக்காயங்களோடு அவர் தானே வெளியே ஏறி வந்தார். எதிர்ப்பு அதோடு அடங்கியது.

இனி டவுன்ஃபோர்ஸ். இந்த விளையாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன். காரின் இறக்கை, விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்றது. காற்று அதன்மேல் பாயும்போது காரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. எடையைக் கூட்டாமலே டயர் தரையில் அழுந்துகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே வேகமான வளைவில் வேகம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்திலுள்ள காப்ஸ் வளைவை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஏறக்குறைய எடுக்காமலே கடப்பது இதனால்தான். அங்கே பயந்து மெதுவாகப் போனால் பிடிமானமும் குறைந்துவிடும். மொனாக்கோவின் கொண்டைஊசி வளைவில் கார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு அருகில் ஊர்கிறது. அங்கே காற்றின் உதவி அநேகமாக இல்லை. டயரும் ஓட்டுநரின் கையும்தான். ஒரே கார் இரண்டு இடங்களிலும் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள்.

இறக்கை கண்ணுக்குத் தெரியும். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான பகுதி காரின் அடியில் இருக்கிறது. 1970-களின் இறுதியில் காலின் சாப்மனின் லோட்டஸ் அணி, காரின் அடிப்பகுதியை வளைத்து அமைத்து, அங்கே காற்றை விரைவாக ஓடவிட்டுக் காரைத் தரையோடு உறிஞ்ச வைத்தது. 1978-இல் மாரியோ ஆண்ட்ரெட்டி அந்த அணியில்தான் உலகச் சாம்பியன் ஆனார். வளைவுகளில் வேகம் கட்டுமீறியதால் 1983-இல் அடிப்பகுதி தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2022-இல் அதே உத்தி புதிய விதிகளோடு திரும்பி வந்தது. கார்கள் நேர்சாலையில் துள்ளித் துள்ளி ஓட்டுநர்களின் முதுகைப் பதம் பார்த்தன. 2026 விதிகள் அடித்தளத்தை மீண்டும் எளிமையாக்கின. பொறியாளர்கள் வழி கண்டுபிடிப்பார்கள், விதி அடைக்கும், வேறு வழி திறக்கும். ஐம்பது ஆண்டுகளாக இதே துரத்தல்தான்.

ஏன் 2022-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்? நெடுஞ்சாலையில் பெரிய லாரியின் பின்னால் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: எதிர்க்காற்று குறையும், ஆனால் வண்டி தடுமாறும். பந்தயக் காருக்கும் அதேதான். முன்னால் போகும் கார் காற்றைக் கலக்கிவிடுவதால் பின்னால் வருபவருக்கு டவுன்ஃபோர்ஸ் குறைகிறது, வளைவில் சறுக்குகிறார், டயர் சூடேறிக் கெடுகிறது. அடித்தளத்தின் வழியே அழுத்தத்தைப் பெற்றால் இந்தப் பாதிப்பு குறையும் என்பது கணக்கு. அதற்கு முன்பே, 2011-இல், முன்னால் இருப்பவரை ஒரு விநாடிக்குள் நெருங்கியவர் பின் இறக்கையின் மடலைத் திறந்து வேகமெடுக்க அனுமதித்தார்கள். டிஆர்எஸ் என்று வர்ணனையாளர்கள் சொன்னது அதைத்தான். 2026-இல் அது போய்விட்டது. இப்போது நேர்சாலையில் எல்லாருடைய முன், பின் இறக்கைகளும் படுத்துக்கொள்ளும். நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்சக்தி கிடைக்கும்.

எஞ்சினைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்: 2014 முதல் 1.6 லிட்டர் வி6 டர்போ, கூடவே மின்மோட்டார். 2025 வரை 120 கிலோவாட்டாக இருந்த மோட்டாரின் திறன் 2026-இல் 350 ஆனது. முதல் பத்து இடங்களுக்குப் புள்ளிகள், வென்றவருக்கு 25. பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது 2010 முதல் கிடையாது.

ஆகவே பிட்டுக்குள், அதாவது தடத்தோரத்தில் அணிகள் காரைக் கவனிக்கும் இடத்துக்குள், வருவது டயருக்காகத்தான். சிவப்பு மென்மையானது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். மென்மையானது வேகம் தரும், சீக்கிரம் தேயும். மழைக்குப் பச்சையும் நீலமும். மழையில்லாத பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர்களைப் பயன்படுத்தியாக வேண்டும். இந்த ஒரு விதியே எல்லா அணிகளையும் கணக்குப் போட வைக்கிறது.

டயர் விதி ஒரு பந்தயத்தையே எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் சாட்சி. 2005-இல் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது. அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தின் சரிவான வளைவை மிஷெலின் டயர்கள் தாங்காது என்று அந்த நிறுவனமே சொன்னது. பந்தயம் தொடங்குமுன் வரும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. ஜோர்டான் அணியில் ஓட்டிய கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அரிதாகக் கிடைத்த வாய்ப்பு என்று குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் காரை இறுதிவரை ஓட்டி முடித்தவருக்கு உரிய புள்ளிகள் அவை.

விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு 2024 பெல்ஜியம் பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். ஜார்ஜ் ரஸ்ஸல் ஒரே ஒரு முறை டயர் மாற்றி, தேய்ந்த டயரோடு தாக்குப்பிடித்து முதலாவதாக வந்தார். பந்தயத்துக்குப் பின் காரை எடை போட்டார்கள்: சரியாக 798 கிலோ, எரிபொருள் சேர்க்காமல் இருக்க வேண்டிய அப்போதைய குறைந்தபட்ச எடை. பிறகு தொட்டியில் மிஞ்சிய 2.8 லிட்டர் எரிபொருளை வடித்துவிட்டு மறுபடி போட்டார்கள்: 796.5. ஒன்றரைக் கிலோ குறைவு; வெற்றி பறிபோனது. நெடுநேரம் ஓடிய டயர்களில் தேய்ந்துபோன ரப்பரும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பந்தயம் முடிந்தபின் மெதுவாக வரும் ஓட்டுநர்கள் தடத்தில் சிதறிய ரப்பர் துண்டுகளின்மேல் வேண்டுமென்றே ஏற்றி ஓட்டுவார்கள். அவை டயரில் ஒட்டி எடை கூடும். பெல்ஜியம் பந்தயம் நடக்கும் ஸ்பா தடத்தில் முழுச் சுற்று வராமலே கார்கள் பிட்டுக்குத் திரும்புவதால் அதற்கும் வழியில்லை.

அடுத்த பந்தயத்தில் முன்னணிக் காரை விட்டுவிட்டு, நடுவரிசையில் ஒட்டி ஓடும் இரண்டு கார்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவர் முதலில் டயர் மாற்றினால், புது டயரின் வேகத்தில் ஒரு சுற்றிலேயே ஒன்றிரண்டு விநாடிகள் சம்பாதிக்கலாம். முன்னவர் அடுத்த சுற்றில் மாற்றிவிட்டு வெளியே வரும்போது, யார் முன்னால் இருக்கிறார் என்று பாருங்கள். சென்னைக்கு அருகில் இருப்பவர் என்றால் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடக்கும் ஒற்றை இருக்கைப் பந்தயம் ஒன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு அருகில் நின்றால், டயரைப் பற்றி நான் எழுதியது எல்லாம் கண்ணெதிரே நடக்கும்.