பறவைக்கு வளையமிடும்போதே பார்வையாளர்களுக்கும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பறவையைப் பிடித்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடும் வேலையில் பருவகால ஆளாகச் சேரப்போகிறீர்கள், ஆட்கள் முன்னால் பறவையைக் கையாளத் தயக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பையில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய கோரேகாவ் பக்கம் குளிர்காலங்களில் இந்த வேலைதான் செய்கிறேன். நேரத்தைப் பறவை தீர்மானிக்கட்டும். உங்கள் பேச்சு அதற்குள் அடங்கட்டும்.

மிஸ்ட் நெட் என்கிற மெல்லிய வலையை விடியும் முன்பே கட்டிவிடுவோம். அரை மணிக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்த்தாக வேண்டும். வெயில் ஏறினால் சுருட்டிவிடுவோம். நீளமாகப் பேச வேண்டியதையெல்லாம் வலை பார்க்கப் போகும் முன்பே பேசிவிடுங்கள். முக்கியமாகச் சட்டம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் யாரும் இப்படிப் பிடிக்கக் கூடாது. குழந்தைகள் இருந்தால் இதை இரண்டு தடவை சொல்வேன்.

பறவை கைக்கு வந்த பிறகு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொன்னால் போதும். எங்களுக்கு அடிக்கடி கிடைப்பது நாணல் கதிர்குருவி. மூன்று ஒரு ரூபாய் நாணயங்களின் எடைதான், சுமார் 11 கிராம். ஃபின்லாந்திலிருந்து மத்திய ஆசியா வரை கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிற இனம். வயிற்றுப் பக்கம் மெல்ல ஊதினால் இறகு விலகும், தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். அவ்வளவு தூரம் பறக்க அதுதான் எரிபொருள். எனக்கு இதைக் காட்டுவதில் இன்னும் அலுப்பு வரவில்லை.

ஒருமுறை தாராவியிலிருந்து நம்ம ஆட்கள் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு பாட்டி, "ஏய்யா, இத்துனூண்டு காலுல இரும்ப மாட்டுதியே, பாரமா இருக்காதா?" என்று கேட்டார். "அலுமினியம் பாட்டி. பறவையோட எடையில நூறுல ஒரு பங்குகூட வராது, கால இறுக்காது" என்றேன். "சரி, எதுக்கு மாட்டுத?" என்றார். இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். வளையத்தில் ஓர் எண்ணும், பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தகவல் சொல்லும்படி ஒரு வரியும் இருக்கும். வளையமிட்ட சிறு பறவைகளில் பெரும்பாலானவை மறுபடி யார் கையிலும் சிக்குவதில்லை. சிக்குகிற சிலவற்றால்தான் வயதும் வழியும் தெரிகிறது. அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்துக்கே திரும்பி வருவதும் தெரிகிறது. 1960களில் பறவையியலாளர் சலீம் அலி பெரிய அளவில் முன்னெடுத்த வேலை இது. நம் கோடியக்கரையிலும் ஏராளமான பறவைகளுக்கு வளையமிட்டிருக்கிறார்கள்.

பறவை வாயைத் திறந்து இரைத்தாலோ, இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடினாலோ, அளவெடுப்பதை விட்டுவிட்டு உடனே பறக்க விடுங்கள். ஏன் விட்டோம் என்று அப்புறம் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. பார்வையாளர் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

முதல் சில வாரங்கள் பதிவேடு எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். மூத்தவர் சொல்லும் இறக்கை நீளம், எடை, இறகு உதிர்வு எல்லாம் காதில் விழுந்து பழகிவிடும். பறவையைக் கையில் பிடித்திருக்கும் பதற்றம் இல்லாமல், பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதையே விளக்கவும் ஆரம்பிக்கலாம்.