யூதர்களின் மிக்வே தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் விட்டால் செல்லாது என்கிறார்களே, ஏன்? எல்லாம் தண்ணீர்தானே?

கேட்டவர் கட்டட வேலையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். சும்மா இருக்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது. நீங்கள் குழாயைத் திறந்திருக்கிறீர்கள், யாரோ ஏசியிருக்கிறார்கள். எனக்கும் அதே ஏச்சு விழுந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் யூதன் இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவன், லண்டனில் பைப் வேலை செய்கிறவன். வேலைத்தளத்தில் கேட்டதையும், ரோஷத்தில் பிறகு தேடி வாசித்ததையும்தான் சொல்கிறேன். அவர்களுக்குள்ளேயே பிரிவுக்குப் பிரிவு வழக்கம் மாறும், "எங்கள் ஊரில் அப்படியில்லை" என்று சண்டைக்கு வராதீர்கள். இஸ்ரேல் அரசியலைக் கீழே கொண்டுவந்து கொட்டுகிறவர்களுக்கும் பதில் எழுத மாட்டேன்.

மிக்வே என்பது முழுகும் தொட்டி. மாதவிடாய் நின்று ஏழு சுத்த நாள் எண்ணி முடித்த பெண்கள், மதம் மாறி வருகிறவர்கள், யோம் கிப்பூர் என்ற பெரிய நோன்பு நாளுக்கு முன்னர் ஆண்கள் பலர் என்று முழுகுவார்கள். அழுக்குப் போக்குவதற்கு அல்ல. நான் வேலை செய்த கட்டடத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு ஆயத்த அறைக்கும் ஒரு பாத்டப் போட்டிருந்தது. முழுகத் தொட்டி இருக்கும்போது இது எதற்கு என்று நான் கேட்டு, எல்லாரும் சிரித்தார்கள். முதலில் நன்றாகக் குளித்து, தலை வாரி, நகப்பூச்சை அழித்து, மோதிரம் கழற்றி, பிளாஸ்டர் இருந்தால் அதையும் உரித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பைபிளின் லேவியர் நூல் 11ஆம் அதிகாரத்தில் ஊற்றும் நீர் தேங்கும் கிணறும் தூய்மையாகவே இருக்கும் என்று ஒரு வரி. அதிலிருந்து விரிந்ததுதான் எல்லாம். சுமார் 1800 வருடத்துக்கு முந்திய மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் இதற்கென்றே 10 அத்தியாயம் இருக்கிறது. சாரம் இதுதான்: தண்ணீர் தானாக வந்து சேர வேண்டும். மழை, ஊற்று, கடல், உருகிய பனி எல்லாம் சரி. மனிதன் பாத்திரத்தில் மொண்டு ஊற்றியது சரியில்லை. குழாய்த் தண்ணீர் தாங்கி, வடிகட்டி, மீட்டர் என்று எத்தனையோ பாத்திரம் ஏறி இறங்கி வருகிறது, ஆகவே அதையும் மொண்ட தண்ணீர்க் கணக்கில்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். நீச்சல் குளம் ஏன் ஆகாது என்று அடுத்துக் கேட்பீர்கள், அதற்கும் இதே பதில்தான்.

இப்படித் தானாகச் சேரும் தண்ணீர் குறைந்தது 40 சேயா இருக்க வேண்டும், சேயா என்பது அவர்களின் பழைய கொள்ளளவு. ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், மூன்று முழ ஆழம். முழம் எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் தகராறு. ஒரு கணக்குப்படி 332 லீற்றர், இன்னொரு கணக்குப்படி 573. எனவே கட்டுகிறவர்கள் பெரிய கணக்குக்கும் மேலே போய்விடுவார்கள்.

என் கதை லண்டனில் யூதர்கள் நிறைய இருக்கும் ஸ்டம்ஃபோர்ட் ஹில் பக்கம் நடந்தது, பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். நிலக்கீழ்த் தளத்தில் டைல் பதித்த முழுகும் தொட்டி, அதன் பக்கச் சுவருக்கு அப்பால் மழைக் குழி. கூரையில் விழும் மழை பிளாஸ்டிக் குழாய் வழியாக நேரே குழிக்கு வரும். உலோகக் குழாய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு வளைவிலும் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் அந்த இடமே பாத்திரமாகிவிடுமாம். வயதான ரபி (யூத மதகுரு) ஒருவர் கறுப்புக் கோட்டோடு கூரையில் தவழ்ந்து, என் ஸ்பிரிட் லெவலை வாங்கி ஒவ்வொரு மூட்டிலும் வைத்துப் பார்த்தார். என் சாய்வில் ஒரு பிழையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

குழிச் சுவரில் ஒரு கோடு கீறி, அதுவரை நிரம்பிய பிறகு தன்னைக் கூப்பிடச் சொன்னார். கூரை 60 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 600 லீற்றர், ஒரே இரவில் முடிகிற காரியம். ஆனால் லண்டன் வானம் எங்களுக்கு வேலை இல்லாத நாட்களில்தான் கொட்டும். மூன்று கிழமையாக வெறும் தூறல், குழியில் முழங்காலளவு தண்ணீர். கொந்திராத்துக்காரர் காலையும் மாலையும் போன் எடுத்து, "தம்பி, இன்னும் நிரம்பேல்லையோ?" என்பார். அவருக்கு அடுத்த தவணைக் காசு அந்தக் கோட்டில்தான் நின்றது.

ஒரு பின்னேரம் நான் ஹோஸை எடுத்துப் போட்டுப் பத்து நிமிடம் திறந்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. தண்ணீர் தண்ணீர்தானே என்று நீங்கள் கேட்கிறீர்களே, அதே நினைப்புத்தான்.

அடுத்த நாள் ரபி எட்டிப் பார்த்தார். "இரவு மழை பெய்ததா?" என்றார். எனக்குப் பொய் வரவில்லை. அவர் கத்தவில்லை, கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவிவிட்டு ஒரு வாளி கேட்டார். பம்ப் போட்டு இறைத்தோம். அடியில் கிடந்ததைப் பம்ப் இழுக்காது, நான் உள்ளே இறங்கிக் கடற்பஞ்சால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தேன். மேலே நின்று அவர் டோர்ச் அடித்து, "அந்த மூலை, அந்த மூலை" என்றார். ஏனென்றால் 40 சேயா நிரம்புவதற்கு முன்னர் மொண்ட தண்ணீர் மூன்று லோக், அதாவது ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் மேலே, சேர்ந்தாலே முழுக் குழியும் கெட்டதுதான்.

இனித்தான் வயிறெரிகிற விஷயம். கோடுவரை மழைத் தண்ணீர் நிரம்பிய பிறகு நான் அதே ஹோஸை நாள் முழுக்கத் திறந்து விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது! நிரம்பியது நிரம்பியதுதான், பிறகு எவ்வளவு சேர்த்தாலும் செல்லும். உண்மையில் ஆட்கள் முழுகும் தொட்டியில் இருப்பது இளஞ்சூடான குழாய்த் தண்ணீர், குளோரின் எல்லாம் போட்டு அடிக்கடி மாற்றுவார்கள். நடுச்சுவரில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாக அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீரைத் தொட்டுவிட்டால் இதுவும் செல்லும். அந்தத் தொடுகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு முத்தம் என்று அர்த்தம். துளையை வெட்டியது நான்தான். ரபி இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மிஷ்னாவில் சொன்ன அளவு அதுதானாம்.

கசிவும் ஆகாது. மழைத் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், ஓடினால் செல்லாது. ஊற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முழுகும் நேரம் வடிகட்டிப் பம்பை நிறுத்துவதும் இதனால்தான்.

மழை வந்து நிரம்ப மேலும் பதினாறு நாள் போனது. ரபி என்னிடம் ஒரு சதம் கேட்கவில்லை. எங்கள் கொந்திராத்துக்காரர், கோயில் திருவிழாவில் மேடையேறிப் பொன்னாடை வாங்குகிற மனிதர், எனக்கு நான்கு நாள் சம்பளத்தை வெட்டினார். மழைக் குழிக்கு ஹோஸ் விடக் கூடாது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் வந்த விதிமுறைத் தாளை வாசிக்காமல் தன் வான் வண்டிக்குள் போட்டிருந்தார், நான் பிறகு கண்டேன். வெள்ளைக்காரனிடம் வேலை செய்தால் இப்படி வெட்ட முடியாது. எங்கட ஆள் என்றால் வாயைத் திறக்கவும் முடியாது, ஊரில் அம்மாவிடம் கதை போய்விடும். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் கண்டு "தம்பி, எப்பிடி?" என்று தோளில் தட்டினார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

நீங்கள் ஹோஸைத் திறந்தது குழி கோடு தொடுவதற்கு முன்னரா, பிறகா? அதை ரபியிடமே நேரே கேளுங்கள், இடையில் நிற்கிறவரிடம் கேட்காதீர்கள். பிறகு என்றால் சம்பளத்தில் கைவைக்க விடாதீர்கள்.