தென்னாப்பிரிக்க ரக்பி: மைதானம் யாருக்கு, ஜெர்சி யாருக்கு? (கேள்வி பதில்)

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில், ஈஸ்ட் லண்டன் ஊருக்கு அருகே பதினோரு வருடம் வேலை பார்த்தேன். சனிக்கிழமை தோறும் பக்கத்துக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளை என் வேனில் ஏற்றிக்கொண்டு ரக்பி மேட்சுக்குப் போவது அங்கே எனக்கு வாடிக்கை. பள்ளி ரக்பி பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

மதுரை கல்லூரி மாணவர்: அண்ணா, தென்னாப்பிரிக்க அணியில் நிறம் பார்த்து இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்களாமே? காசு வாங்கி ஆடுகிற ஆட்டத்தில் திறமைதானே அளவுகோல்? இது எப்படி நியாயமாகும்?

கணக்கு இருப்பது உண்மைதான் தம்பி. 2019-க்குள் தேசிய அணியில் பாதிப் பேர் கறுப்பின, கலப்பின வீரர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கை நோக்கி நகரவில்லை என்று 2016-இல் விளையாட்டு அமைச்சர், பெரிய சர்வதேசப் போட்டிகளை நடத்த ரக்பி சங்கம் விண்ணப்பிக்கவே கூடாது என்று தடை போட்டார். அடுத்த வருடம் அதை விலக்கிக்கொண்டார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய கணக்கையும் பார். அந்த நாட்டில் வெள்ளையர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1995-இல் மண்டேலா பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து உலகக் கோப்பையைக் கொடுத்தாரே, அந்த அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். பன்னிரண்டு வருடம் கழித்து 2007 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் களமிறங்கிய பதினைந்து பேரில் வெள்ளையர் அல்லாதவர் இரண்டே பேர்: ஹபானா, பீட்டர்சன். பத்தில் ஒன்பது பேரிடம் திறமையே இல்லை என்றா சொல்ல முடியும்?

2019 இறுதிப் போட்டியில் அந்த இரண்டு ஆறாகியிருந்தது. இங்கிலாந்தை 32-12 என்று அடித்தார்கள். அன்று தென்னாப்பிரிக்கா போட்ட ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) இரண்டு. ஒன்று மப்பிம்பி, இன்னொன்று கோல்பி, இருவரும் அந்த ஆறு பேரில் உள்ளவர்கள். அதற்கு முன் ஜெயித்த இரண்டு இறுதிப் போட்டிகளிலும் உதைத்து எடுத்த புள்ளிகள் மட்டும்தான், ட்ரையே கிடையாது. அந்த இரண்டு பேரையும் 'கணக்குக்காக எடுத்த ஆள்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

எனக்கு அந்த இலக்கின் மேல் ஒரு குறை உண்டு. அது இருபத்து மூன்று வயதுக்காரனை எண்ணுகிறது. அவனுடைய விதி பதின்மூன்று வயதில், எந்தப் பள்ளியில் சேர்ந்தான் என்பதிலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது.

கோயம்புத்தூர் உடற்கல்வி ஆசிரியர்: பள்ளிக்குப் பள்ளி அப்படி என்னதான் வித்தியாசம்? எங்கள் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதோடு சரி.

சார், நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் போய்வந்த கிராமப் பள்ளியில் மைதானம் என்பது சரிவான மேய்ச்சல் நிலம். கோல் கம்பம் யூகலிப்டஸ் மரத்தை வெட்டி நட்டது, ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும். மேட்ச் நாளில் முதல் அரைமணி நேரம் பையன்கள் வரிசையாக நடந்து கல்லையும் சாணத்தையும் பொறுக்குவார்கள். இரண்டு பேருக்கு ஒரு ஜோடி பூட்ஸ். இடைவேளையில் ஒருவன் கழற்றித் தருவான், சூடு ஆறாத பூட்ஸை இன்னொருவன் மாட்டிக்கொண்டு ஓடுவான். கோடு போடச் சுண்ணாம்பு இருக்காது, அடுப்புச் சாம்பலைத் தூவியிருப்பார்கள். கோச் என்று தனியாக யாரும் இல்லை. புவியியல் ஆசிரியை ஒருவர் விசிலை வாங்கி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அதே பையன்களை ஒருமுறை நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப்போனேன். வேன் கதவைத் திறந்ததும் யாரும் இறங்கவில்லை. பச்சைப் பசேலென்று அடுத்தடுத்து ஐந்து மைதானம், கேலரி, எடை தூக்கும் ஜிம், காலில் கட்டுப் போட தனி ஆள். எங்கள் ஹூக்கர் (முன்வரிசை நடுவில் ஆடும்) பையன் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதில் விழுந்தால் வலிக்கவே வலிக்காதே" என்றான். அன்று 60 புள்ளிக்கு மேல் வாங்கித் தோற்றோம். ஸ்க்ரம்மில் (இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுவது) எதிரே நின்ற பையன்கள் தினமும் கறியும் பாலும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அன்று காலையில் ரொட்டி மட்டும். அதைத் திறமைக் குறைவு என்று ஸ்கோர் போர்டில் எழுதுவார்கள்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: அந்த நகரத்துப் பள்ளி தனியார் பள்ளியா? பணம் கட்டுகிறவர்களுக்கு வசதி கிடைப்பது எங்கும் உள்ளதுதானே?

அங்கேதான் விஷயமே இருக்கிறது அம்மா. நாட்டுக்கு அதிக ஸ்பிரிங்பாக் (தேசிய அணி) வீரர்களைத் தந்த புளூம்ஃபொண்டைனின் கிரே காலேஜ், பார்ல் ஊரின் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி, இவையெல்லாம் அரசுப் பள்ளிகள்தான்.

நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1990-களின் தொடக்கத்தில், வெள்ளையர் படித்த அரசுப் பள்ளிகளை 'மாடல் சி' என்ற ஏற்பாட்டுக்கு மாற்றினார்கள். ஆசிரியர் சம்பளம் அரசு தரும், மற்றச் செலவைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு 1996-இல் வந்த பள்ளிச் சட்டம், பள்ளி நிர்வாகக் குழுவே கட்டணம் வைத்துக்கொள்ளலாம் என்றது. பள்ளிகளை வசதிப்படி ஐந்து அடுக்காகப் பிரித்து, கீழ் மூன்று அடுக்குக்குக் கட்டணம் கிடையாது என்றார்கள். ஏழைக்கு நல்லதுதான். ஆனால் மேல் அடுக்குப் பள்ளியிடம் நிறவெறிக் காலத்தில் அரசுப் பணத்தில் கிடைத்த நிலமும் மைதானமும் அப்படியே இருக்கின்றன. கூடவே இன்றைய கட்டணமும் பழைய மாணவர்களின் நன்கொடையும் சேருகின்றன. கீழ் அடுக்குப் பள்ளிக்கு மைதானமே இல்லை. கழிப்பறைக்குக் குழி வெட்டி வைத்திருந்த பள்ளிகள் உண்டு, அதில் விழுந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அந்தத் தலைமையாசிரியரிடம் போய் ரக்பி மைதானம் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழுந்ததில்லை.

சென்னையிலிருந்து ஒருவர்: கேப்டன் சியா கொலிசியும் ஏழைதானே? அவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

கொலிசி போர்ட் எலிசபெத் (இன்று பெயர் கெபெர்ஹா) பக்கம் ஸ்விடே குடியிருப்பில் பாட்டி வளர்த்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் ஒரு போட்டியில் கண்ணில் பட்டு, அந்த ஊரின் கிரே பள்ளியில் (முன்பு சொன்ன கிரே காலேஜ் வேறு) ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அப்போது விளையாட்டு டிரவுசர் இல்லாமல் உள்டிரவுசரோடு ஆடியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2018-இல் டெஸ்ட் (நாடுகளுக்கிடையே ஆடும் ஆட்டம்) அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார், 2019, 2023 இரண்டு உலகக் கோப்பையையும் தூக்கினார்.

எனக்கு அவர் மேல் அளவுகடந்த மரியாதை. ஆனால் அவர் கதையில் நடந்தது என்ன? பிள்ளையைத்தான் நல்ல மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள், நல்ல மைதானம் ஸ்விடேக்கு வரவில்லை. அன்று அவரோடு ஆடிய மற்றப் பையன்கள் எங்கே?

நீங்கள் மப்பிம்பியையும் பார்க்க வேண்டும். ட்சோலோம்ன்கா என்ற கிராமம், பெரிய ரக்பிப் பள்ளி எதிலும் படிக்காதவர். முதல் டெஸ்ட் ஆடும்போது வயது இருபத்தேழு. கொலிசிக்கு அது இருபத்தொரு வயதில் கிடைத்துவிட்டது. ஆறு வருடம் என்பது ரக்பிக்காரனுக்குப் பாதி ஆயுள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: கறுப்பின மக்களுக்குக் கால்பந்துதான் பிடிக்கும், ரக்பி வெள்ளையர் ஆட்டம் என்று படித்தேனே?

கிழக்கு கேப்பில் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! அங்கே மிஷன் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ரக்பி ஆடினார்கள். நான்கு தலைமுறையாக ஒரே கிளப்புக்கு ஆடும் கோசா (அந்த மாகாணத்துக் கறுப்பின மக்கள்) குடும்பங்கள் எனக்குப் பழக்கம். ஸ்விடேயில் டேன் கெகே மைதானம் 1970-களில் அந்த மக்களே முன்னின்று கட்டியது. ஆசை என்றைக்கும் இருந்தது, இடம்தான் கொடுக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: வெளியூர்ப் பிள்ளைகளைப் பெரிய பள்ளிகள் விலைக்கு வாங்குகின்றன என்கிறார்களே?

உண்டு. பதினாறு வயதுப் பையனை ஹாஸ்டல், கட்டணம் எல்லாம் இலவசம் என்று இழுப்பார்கள். அவனை வளர்த்த பள்ளிக்கு ஒரு பந்துகூட மிஞ்சாது. காயம் பட்டால் அவன் கதி என்ன என்பதற்குப் பல இடங்களில் பதில் இல்லை. பள்ளி வீரர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் கிரேவன் வாரப் போட்டியில் ஊக்கமருந்துச் சோதனையில் பள்ளிப் பிள்ளைகளே சிக்கியிருக்கிறார்கள். எத்தனை அழுத்தம் இருந்தால் ஒரு பிள்ளை ஊசியை எடுக்கும்?

லண்டனிலிருந்து ஒருவர்: இங்கிலாந்து கிளப்புகளில் சம்பள உச்சவரம்பு இருக்கிறதே, அது வேலை செய்கிறதா?

தண்டனை உறுதியாக இருந்தால் செய்யும். சாரசென்ஸ் கிளப் மூன்று சீசனாக வரம்பை மீறியது என்று 2019 நவம்பரில் 35 புள்ளியைக் கழித்து, 53 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டார்கள். அதன் பிறகும் சம்பளத்தைக் குறைக்க முடியாததால் அடுத்த டிவிஷனுக்கு இறக்கினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஜெயித்த பட்டங்களைப் பறிக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவே சமநிலை வேண்டும் என்று தராசு பிடிக்க ஆள் இருக்கிறது. பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவே பிடிக்க யாரும் இல்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: அண்ணா, நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அப்படி ஒரு பள்ளிக்கு பூட்ஸ் அனுப்பலாம் என்று நினைக்கிறோம். எந்த சைஸ்?

நல்ல மனசு தம்பி. நானும் முதல் வருடம் பூட்ஸ்தான் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் விசில் வைத்திருந்த அந்தப் புவியியல் ஆசிரியையிடமே, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். வேலி என்றார். வேலி இல்லாவிட்டால் மாடு வரும், புல் நிற்காது. இரண்டாவது தண்ணீர்க் குழாய். மூன்றாவது, பயிற்சி முடிந்து இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடக்கும் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வண்டி, டீசல் செலவு. வண்டி வந்த வருடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் இரண்டு மடங்கானார்கள். பூட்ஸ் நான்காவதுதான். கட்டாயம் அனுப்ப வேண்டுமென்றால் ஆறு, ஏழு, எட்டு சைஸில் அனுப்புங்கள். பெரிய சைஸ் நிறைய வந்து அலமாரியில் கிடக்கிறது.