தேவதை என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 81 வயது. நிமோனியாவில் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் ஐசியூவில் 18 நாள் கிடந்தார், அதில் 11 நாள் வென்டிலேட்டரில். இப்போது வீட்டில் நடமாடுகிறார். அந்த ஐசியூவின் பொறுப்பு சிஸ்டரை எங்கள் சங்க விழாவில் கௌரவிக்கப் போகிறோம். ஷீல்டில் 'அன்பின் வடிவே, வெண்ணிற தேவதையே' என்று பொறிக்கலாமா? அவர் ஜூலு மொழி பேசும் பெண்மணி, தமிழ் வேண்டுமா, ஆங்கிலம் போதுமா? பொன்னாடை போர்த்தினால் சரியாக இருக்குமா? சங்கத்தில் ஒருவர், நம் பெண்களில் நர்ஸே இல்லையா என்று கேட்கிறார்.

கே., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள கே.,

அம்மா நடமாடுகிறார் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பொன்னாடை, தாராளமாகப் போர்த்துங்கள். மொழி, மூன்றிலும் போடுங்கள், ஜூலுவை முதலில். அந்தச் சங்கத்துக்காரருக்கு மூச்சு முட்டும்போது குழாயைப் பிடிக்க வருகிறவரிடம் எந்த ஊர், என்ன சாதி என்று விசாரிப்பாரா என்று மட்டும் கேளுங்கள். அவருக்கு இவ்வளவு போதும்.

எனக்குக் கோபம் அந்த தேவதைமேல்தான். வெண்ணிறத்தை எங்கே பார்த்தீர்கள்? 18 நாள் போய் வந்திருக்கிறீர்கள், அவர் தோளில் இருக்கும் மரூன் பட்டை கண்ணில் படவில்லையா? அது படித்துப் பதிவு பெற்றவர் என்பதற்கான அடையாளம். தேவதைக்குப் படிப்பு வேண்டாம், காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை நின்றாலும் கால் வீங்காது, ஆள் பற்றவில்லை என்று மேலிடத்தில் போய்ச் சண்டையும் போடாது. தேவதை என்று சொல்லிவிட்டால் அவர் என்ன செய்தார் என்று நாம் கவனிக்க வேண்டியதில்லை, அவ்வளவு வசதி!

நான் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பா சர்க்கரை ஆலையில் காலம் முழுக்க உழைத்தவர். ஐசியூவில் தொண்டைக் குழாயை எடுத்த அன்று இரவு, ஆலைச் சங்கு ஊதிவிட்டது, என்னை விடுங்கள் என்று தமிழில் கத்திக்கொண்டு ஊசிக் குழாய்களைப் பிடுங்கப் போனார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், அன்று ஒரு சொல்கூட வரவில்லை. காலையில் பொறுப்பு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இரண்டே கேள்வி. கண்ணாடி போடுவாரா? காதுக்கு மெஷின் உண்டா? இரண்டும் பத்திரமாக என் கார் டாஷ்போர்டில் இருந்தன. கண்ணும் காதும் இல்லாமல், பகலா இரவா தெரியாமல் கிடந்தால் உனக்கும் இப்படித்தான் புத்தி தடுமாறும் என்று அந்த வார்டே கேட்கத் திட்டினார். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து வலி, தண்ணி, மூச்சு என்ற மூன்று சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லி, பிளாஸ்டர் போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். ஒவ்வொரு ஷிப்ட் நர்ஸும் அப்பாவிடம் இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் சிஸ்டரே குனிந்து, "பாபா, வள்ளி?" என்றார். அப்பா கண்ணாடி வழியாக அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "வள்ளி ஊர்ல இல்லம்மா, முருகனைக் கேளு" என்றார். ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் திரை பாதிதான் இழுத்திருந்தது. கழுத்து ரத்த நாளத்தில் குழாய் போட வந்த டாக்டர் நோயாளியைக் கிருமி நீக்கிய துணியால் முழுக்கப் போர்த்தாமலே தொடங்கப் போனார். ஒரு சின்னப் பெண், புது நர்ஸ், வாயைத் திறந்து மூடினாள். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொல்லு" என்றார். அவள் சொன்னாள், டாக்டர் நிறுத்தினார். 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர் இதற்கென்றே ஐந்து வரிப் பட்டியல் ஒன்று போட்டார்: கை கழுவு, தோலைச் சுத்தம் செய், முழுக்கப் போர்த்து, இப்படி. பட்டியலை யாரும் எழுதலாம். ஒரு வரி விட்டுப்போனால் டாக்டரை நிறுத்த நர்ஸுக்கு அதிகாரம் உண்டு என்று வைத்தார்களே, ரத்தத்தில் கிருமி ஏறுவது குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த அதிகாரம் தாளில் இருந்தால் போதாது, பின்னால் நின்று "சொல்லு" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பியபோது நான் ஸ்வீட் பாக்ஸை டாக்டரிடம் கொடுத்தேன். சிஸ்டருக்குத் தலையாட்டினேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆகவே ஷீல்டில் வினைச்சொல்லாகப் போடுங்கள். கேட்டார், திட்டினார், ஒட்டினார், நிறுத்தச் சொன்னார் என்பதுபோல. உங்கள் சிஸ்டர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது, உங்கள் கடிதத்திலும் ஒரு வரி இல்லை. அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் அந்த வார்டின் இளைய நர்ஸ்களிடம் கேளுங்கள். இடம் போதாது என்று கடைக்காரர் சொன்னால் எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள்.

விழாத் தேதியை நீங்களாக வைத்துவிடாதீர்கள். அந்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட் என்று முதலில் விசாரியுங்கள்.